தடைக்காலம் பவளத்துக்கும் வேண்டும்

காஞ்சிபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வேன்களுக்கு ஏறக்குறைய ஒரே பயண நிரல்தான். விடியற்காலை அக்னி தீர்த்தம், பிறகு 22 தீர்த்தக் கிணறு, சுவாமி தரிசனம், மதியச் சாப்பாடு முடிந்ததும் தனுஷ்கோடி, திரும்பும் வழியில் பேக்கரும்பில் கலாம் நினைவிடம், கடைசியாகப் பாம்பன் பாலத்தில் நின்று கடல் பார்ப்பது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு தனுஷ்கோடிக் கூட்டம் பல மடங்காகிவிட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதைப் பார்க்கவே தனிக்கூட்டம். அண்மைக் காலத்தில் இந்த நிரலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. குந்துகாலில் வனத்துறைப் படகில் ஏறிக் குருசடைத் தீவுக்குப் போய் வருவது. 1897 ஜனவரி 26ஆம் நாள் விவேகானந்தர் கரையிறங்கிய அதே குந்துகால்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் முழுப்பரீட்சை முடிந்த பிறகுதான் கிளம்புவார்கள். அதாவது ஏப்ரல் கடைசி, மே மாதம். கடலுக்கு அடியில் இருக்கும் பவளத்துக்கு ஆண்டிலேயே மிகக் கொடுமையான மாதமும் அதுதான். இந்தப் பொருத்தமின்மையை யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மாலைபோல் கிடக்கும் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிய கடல், மொத்தம் 560 சதுர கிலோமீட்டர். மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு கூட்டமாகத் தீவுகளைப் பிரித்துச் சொல்வார்கள். 1989இல் இதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆயிற்று. 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்தது.

பூங்காவின் எல்லையை எப்படிக் குறித்தார்கள் என்பதில்தான் செய்தி இருக்கிறது. தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட பக்கம் மூன்றரைப் பாகம் ஆழம் வரை, வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை. மீட்டரில் சொன்னால் சுமார் ஆறரையும் ஒன்பதும். ஆழ்கடல் பூங்கா இல்லை இது. மூன்று மாடி வீட்டை இறக்கி வைத்தால் மொட்டைமாடி நீருக்கு மேல் தெரியும் அளவுக்கு ஆழம் குறைந்த கடல். பல பவளத்திட்டுகள் அரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன. நீர் வற்றும் நேரத்தில் இடுப்பளவு நீரில் நின்றபடி பவளத்தைக் கையால் தொடலாம். வெளிச்சம் தாராளமாக இறங்குவதால்தான் பவளம் இங்கே வளர்கிறது. ஆனால் அதே காரணத்தால் மனிதனின் காலும் படகின் அடியும் நங்கூரமும் அதை எளிதாக எட்டிவிடுகின்றன.

எங்கள் காஞ்சிபுரத்துக்கும் இந்தக் கடலுக்கும் தொடர்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். கார்த்திகை சோமவாரத்தில் காஞ்சிச் சிவன் கோயில்களில் சங்காபிஷேகம் நடக்கிறது. நெல் பரப்பி வரிசையாக அடுக்குகிற சங்குக்குப் பெயர் போன கடல் தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம்தான். பவளத்திட்டுகளை அடுத்த மணல்தரையில் பாதி புதைந்தபடி புழுக்களைத் தின்று வாழும் பிராணி அது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளியல் பற்றியும் கடல் உயிர்கள் பற்றியும் எழுதினார். 1927இல் அப்போதைய கண்காணிப்பாளர் கிரேவ்லியின் பொறுப்பில் அதே அருங்காட்சியகம் குருசடைத் தீவின் உயிரினங்களுக்கென்றே தனி வெளியீடு கொண்டுவந்தது. 66 ஹெக்டேர் கூட இல்லாத தீவு. ஆனால் உயிரியலாளர்களின் சொர்க்கம் என்று பெயர் வாங்கியது. முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்ட பலனோகிளாசஸ் என்ற புழு இந்தத் தீவின் மணலில்தான் மாணவர்களுக்குக் கிடைக்கும். அதனால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் விலங்கியல் வகுப்புகள் தலைமுறை தலைமுறையாக இங்கே வந்தன. ஆசிரியர் முன்னே நடப்பார், மாணவர்கள் கல்லைப் புரட்டுவார்கள், கிடைத்தது ஃபார்மலின் பாட்டிலுக்குள் போகும். நல்ல நோக்கத்தோடு வந்த விருந்தினர்களும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போனால் தீவு தாங்காது என்பதற்கு அதுவே முதல் பாடம்.

சேதம் எப்படி நேர்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பவளம் என்பது ஒரு விலங்கு. பெரும்பாலான வகைகளில் ஒரு தனி உயிர் சில மில்லிமீட்டர்தான் இருக்கும்: ஒரு வாய், அதைச் சுற்றிக் குட்டி உணர்கொம்புகள், அவ்வளவுதான். இப்படி ஆயிரக்கணக்கானவை ஒட்டிக்கொண்டு, தங்களுக்கு அடியில் சுண்ணாம்பை வடித்து வடித்து ஒரு வீடு கட்டுகின்றன. நாம் பார்க்கும் பாறை அந்தச் சுண்ணாம்பு வீடு. அதன் மேல் போர்த்தியிருக்கிற சவ்வு போன்ற மெல்லிய சதைதான் உயிர். அந்தச் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைக்கிற சர்க்கரையில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் இந்தப் பாசியின் நிறமே.

கிளை விடும் மான்கொம்புப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். உருண்டையாக வளரும் போரைட்டிஸ் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. நம் தலையளவு உருண்டை ஒன்றைப் பார்த்தால் அதற்குக் குறைந்தது பத்து வயது ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். நீந்தத் தெரியாத ஒருவர் மூச்சு வாங்க அதன் மேல் காலை ஊன்றி ஒரு நிமிடம் நிற்கிறார். அவருடைய எடை மேலிருந்து அழுத்துகிறது, கீழே பவளத்தின் சொந்தச் சுண்ணாம்புக் கூர்முனைகள். நடுவில் சிக்கிய சதை நசுங்குகிறது. நசுங்கிய இடம் திறந்த புண். சில நாட்களில் அங்கே வேறு பாசி முளைக்கும். அல்லது நோய்க்கிருமி புகும். பவளம் நல்ல உடல்நிலையில் இருந்தால் ஓரங்களிலிருந்து சதை வளர்ந்து புண்ணை மூடிவிடும். இல்லாவிட்டால் அந்த இடம் போனது போனதுதான். மான்கொம்பாக இருந்தால் புண்ணோடு நிற்காது, கிளையே முறிந்துவிடும்.

நிற்காமல் மிதந்தால் போதுமா என்றால், அதிலும் சிக்கல் உண்டு. துடுப்புக் காலணியை அடிக்கும்போது அடியிலிருக்கும் வண்டல் மேகம்போல் எழும்பிப் பவளத்தின் மேல் இறங்குகிறது. ஒவ்வொரு பவள உயிரும் தன்மேல் விழுந்த மண்ணைச் சளி சுரந்து தள்ள வேண்டும். அந்தச் சளிக்குச் செலவாவது அது வளர்வதற்கும் இனம் பெருக்குவதற்கும் வைத்திருந்த சக்தி. நங்கூரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு முறை போட்டு இழுத்தால் பத்துப் பேர் பத்து நாளில் செய்யாத சேதத்தைச் செய்துவிடும்.

இனி மே மாதத்துக்கு வருவோம். ஏப்ரல், மே மாதங்களில் இந்தத் தீவுகளைச் சுற்றிய நீரின் வெப்பம் 31 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. சூடும் வெளிச்சமும் சேர்ந்து அதிகமாகும்போது நுண்பாசிகளின் ஒளிச்சேர்க்கை தடுமாறி நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் பொருள்கள் உருவாகின்றன. பவளம் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. வெளிறிய பவளம் செத்த பவளம் இல்லை, பட்டினி கிடக்கும் பவளம். ஜூனில் கச்சான் காற்று நன்றாக வீசிக் கடல் கலங்கி நீர் குளிர்ந்தால் பாசிகள் திரும்பக் குடியேறும், சில மாதங்களில் நிறம் வந்துவிடும். சூடு நீடித்தால் பட்டினியிலேயே மடியும். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2005 முதல் இதைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஏறத்தாழ ஆண்டுதோறும் கோடையில் ஓரளவு வெளிறல் இருக்கத்தான் செய்கிறது. 2010இல் உயிருள்ள பவளத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு மடிந்தது. 2016இல் சூடு இன்னும் மோசம். மடிந்தது சுமார் 16 விழுக்காடு. 117 பவள வகைகளைப் பதிவு செய்துள்ள ஒரு கடலுக்கு இது சின்ன இழப்பு இல்லை.

வெளிறிய பவளத்துக்குப் புண் ஆறுவதில்லை என்பதைக் கரீபியன் கடலில் 1990களில் செய்த ஆய்வு காட்டியது. ஒரே அளவு காயத்தை நல்ல பவளம் மூடிவிடுகிறது. வெளிறியது மூட முடியாமல் திணறுகிறது. ஆக, தை மாதத்தில் ஒரு கால் பட்டால் ஆறிவிடக்கூடிய புண், மே மாதத்தில் பட்டால் ஆறாத புண். எத்தனை பேர் போனார்கள் என்ற கேள்வியோடு எப்போது போனார்கள் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

ஆனால் பொதுவாக எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்கிறோம். ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்குப் போடுவதற்குக் கோஸ்டாரிகாவிலிருந்து சிஃபுவென்டெஸ் என்பவர் 1992இல் தந்த முறை உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்க்கலாம். 2,000 சதுர மீட்டர் பவளத்திட்டு ஒன்று. ஒருவருக்கு 50 சதுர மீட்டர் இடம் வேண்டும். ஒரே நேரத்தில் 40 பேர். ஆளுக்கு ஒரு மணி, நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 240 பேர். இது வெறும் இடக்கணக்கு. காற்றாலும் நீர்வற்றாலும் பாதி நேரம் இறங்க முடியாது என்றால் 120. அடுத்து, பார்த்துக்கொள்ள ஆள் எத்தனை? ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேர், இரண்டே வழிகாட்டிகள் என்றால் ஒரு சுற்றுக்கு 12 பேர், மூன்று சுற்றுக்கு 36 பேர். 240இல் தொடங்கி 36இல் வந்து நிற்கிறோம். தாங்குதிறனைத் தீர்மானிப்பதில் கடலின் பரப்பைவிடப் பணியாளர் எண்ணிக்கைக்கே பங்கு அதிகம் என்பது இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த பாடம்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது என்றால் 2019 நினைவுக்கு வரும். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் வைபவம். வந்தவர்கள் ஒரு கோடி என்றார்கள். ஜூலை 18 அன்று நெரிசலில் நான்கு உயிர் போயிற்று. அதன் பிறகு வரிசை, தடுப்பு, வாகன நிறுத்தம் எல்லாம் இறுகின. அங்கே காப்பாற்ற வேண்டியிருந்தது வந்தவர்களை. கோடிக் கண்கள் பார்த்ததால் பெருமாளுக்கு ஒன்றும் குறையவில்லை. பவளத்திட்டில் நிலைமை தலைகீழ். வந்தவர்கள் பத்திரமாகத் திரும்பிவிடுகிறார்கள், தரிசிக்கப்பட்டதுதான் தேய்கிறது. அதனால் வரிசையை எவ்வளவு அழகாக நடத்தினாலும் அது மட்டும் போதாது.

காட்டுப் பாதைகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். சேதம் ஆள் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. யாரும் மிதிக்காத இடத்தில் முதலில் நடக்கும் கொஞ்சம் பேரே பெரும் சேதத்தைச் செய்துவிடுகிறார்கள். பிறகு வருகிற நூறு பேர் கூட்டுவது குறைவு. கூட்டத்தைத் தீவு தீவாகப் பரப்பிவிட்டால் பாரம் குறையும் என்று நினைப்பது இயல்பு. இந்தக் கண்டுபிடிப்புப்படி அது நேர்மாறான விளைவைத்தான் தரும்: பத்துத் திட்டுகளும் முதல் அடியை வாங்கிக்கொள்ளும். ஒரே ஒரு தீவை, அதிலும் ஒரே ஒரு வழியைத் திறந்துவிட்டு, மீதியை முழுமையாக மூடி வைப்பதே நல்லது. 21 தீவுகளில் குருசடையை மட்டும் பொதுமக்களுக்குக் காட்டுவது இந்த வகையில் சரியான முடிவு. மற்றத் தீவுகளையும் திறக்கச் சொல்லிக் கோரிக்கை வரும். ஏற்கக் கூடாது.

அடுத்தது வழிகாட்டி. எகிப்தின் ராஸ் முகமது தேசியப் பூங்காவில் 1990களில் நடந்த ஆய்வில், முக்குளிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் விளக்கிச் சொன்னதற்கே பவளத்தின் மேல் கைகால் படுவது வெகுவாகக் குறைந்தது. கரீபியனில் செயின்ட் லூசியாத் தீவில் பின்னால் நடந்த ஆய்வு அதை ஒத்துக்கொள்ளவில்லை. கரையில் சொன்ன சொல் நீரில் நிற்கவில்லை. வழிகாட்டி கூடவே நீந்தி, காலை ஊன்றப் போகிறவரைக் கையசைத்துத் தடுத்தபோதுதான் பலன் தெரிந்தது. இரண்டும் வேண்டும் என்றே நான் புரிந்துகொள்கிறேன். புகைப்படக் கருவி வைத்திருப்பவர்களின் கைகால்தான் அதிகம் படுகிறது என்பதும் இத்தகைய ஆய்வுகளில் தெரியவந்தது. எல்லார் கையிலும் கைபேசி இருக்கிற காலத்தில் இதை மறக்கக் கூடாது.

நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. அந்தமானில் வண்டூர் அருகே 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்று இரண்டு தீவுகளைப் பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது ஓய்வெடுக்கும். பிளாஸ்டிக் கொண்டு போக முடியாது. கரையிலேயே சோதித்து வாங்கி வைத்துவிடுவார்கள். போர்ட் பிளேரில் வாழும் தமிழர்களைக் கேட்டால் சொல்வார்கள், இந்த விதிகளால் அங்கே சுற்றுலா படுத்துவிடவில்லை.

தவறவிட்டவர்களின் கதைகளும் உண்டு. தாய்லாந்தின் மாயா விரிகுடா 2000இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தால் உலகப் புகழ் பெற்றது. நாளுக்கு ஐயாயிரம் பேர் வரை அந்தச் சிறிய கடற்கரையில் இறங்கினார்கள். படகுகள் நேரே பவளத்தின் மேல் வந்து நின்றன. 2018 ஜூனில் முழுதாக மூட வேண்டியதாயிற்று. 2022 ஜனவரியில் திறந்தபோது படகு விரிகுடாவுக்குள் வரத் தடை, பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும், நீந்தத் தடை. இடையில் கருமுனைச் சுறாக்கள் திரும்பி வந்திருந்தன. ஹவாயின் ஹனவுமா விரிகுடாவிலும் இதே கதை: 1980களில் ஆண்டுக்கு முப்பது லட்சம் பேர் வரை வந்து மிதித்த பிறகுதான் நாளுக்கு இத்தனை பேர், வாரத்தில் விடுமுறை, உள்ளே போகுமுன் குறும்படம் பார்த்தாக வேண்டும் என்றெல்லாம் விதி வந்தது. நமக்குப் பக்கத்தில் திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்கா ஆயிற்று. கரையிலிருந்து படகில் கொஞ்ச தூரம்தான். கூட்டம் எளிதில் வந்துவிடுகிறது. ஆழமில்லாத இடத்தில் பவளத்தின் மேலேயே நடந்து பார்த்தவர்களால் அங்கே திட்டுகள் நொறுங்கின. படகோட்டி, வாடகைக்கு முகமூடி தருபவர், உணவுக்கடை என்று ஒரு பொருளாதாரமே கூட்டத்தை நம்பி உருவாகிவிட்ட பிறகு எண்ணிக்கையைக் குறைப்பது எந்த அரசுக்கும் கடினம். மன்னார் வளைகுடாவில் இன்னும் அந்த நிலை வரவில்லை. விதி போட இதுதான் நேரம்.

இங்கே ஒரு நியாயக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. தீவுகளைச் சுற்றிய கடலில் தலைமுறைகளாக வேலை செய்து வந்தவர்கள் பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று கடற்பாசி பறித்து விற்பது அவர்கள் தொழில். சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைக் கையால் பறிப்பார்கள். பூங்கா அறிவிப்பு வந்த பிறகு அவர்கள் வேலையே சட்டத்துக்கு எதிரானதாகப் பார்க்கப்பட்டது. பல ஆண்டுகள் உரசல். அந்தப் பெண்கள் தாங்களே கூடி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பறிப்பது, இரும்புக் கருவி கொண்டு சுரண்டக் கூடாது, ஏப்ரல் முதல் ஜூன் வரையான இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்தி வைப்பது. அவர்களுக்கு முன்னின்ற லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது. தாங்குதிறன், பருவ ஓய்வு, கருவிக் கட்டுப்பாடு என்று நூல்கள் பேசுகிற மூன்றையும் அவர்கள் நடைமுறையில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

விசைப்படகுகளும் நிற்கின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2001இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017இல் 61 நாளாயிற்று. மீன்கள் முட்டையிடுவதற்காக வைத்த தடை. ஆனால் நாட்காட்டியில் அது பவளம் வெளிறும் காலத்தின் மேல் அச்சாகப் பொருந்துகிறது. மீனவர் தம் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறார், பாசி எடுக்கும் பெண் கூலியை விட்டுக்கொடுக்கிறார். வெளியூரிலிருந்து போகும் நாம் நம் பொழுதுபோக்கை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றால் அது அழகில்லை. கடல் சீற்றம் என்று சில நாள் படகு நிற்பது வேறு, பவளத்துக்காக நாள் குறித்து நிறுத்துவது வேறு. பவளத்திட்டுப் பக்கம் போகும் சுற்றுலாப் படகுகளுக்கும் அதே 61 நாள் தடைக்காலம் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சுற்றுலாதான் இந்தக் கடலின் முதல் எதிரி என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் பவளத்தை வெட்டி எடுத்தது பல பத்தாண்டுகள் நடந்தது. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்து, 2004 சுனாமியும் வந்துபோன பிறகே அது ஓய்ந்தது. பவளம் போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்கடியில் போய்விட்டன. தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி 2015 முதல் கான்கிரீட்டில் செயற்கைத் திட்டுகள் இறக்கினார்கள். அடுத்து காரியாச்சல்லித் தீவையும் அதே வழியில் காப்பாற்ற முயற்சி நடக்கிறது. கடல் சூடாவதோ உலகம் முழுவதும் சேர்ந்து செய்த வினை. அதை ராமநாதபுரத்தில் உட்கார்ந்து நிறுத்த முடியாது. காலடியை நிறுத்த முடியும். சூட்டில் தவிக்கும் பவளத்துக்கு வேறு தொல்லை இல்லாமல் இருந்தாலே பிழைக்கும் வாய்ப்பு கூடும். உள்ளூர் நிர்வாகத்தின் கையில் இருக்கும் கருவி அது ஒன்றுதான், அதைப் பயன்படுத்தாமல் விடுவது தவறு.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சுற்றுலாவுக்காக உள்ளே போக அனுமதி தருவதையும் மறுப்பதையும் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் விட்டிருக்கிறது. அதே பிரிவு தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். நங்கூரம் போடாமல் படகைக் கட்டிவைக்க நிலையான மிதவைகள், ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி, அந்த வழிகாட்டி வேலை முதலில் பாசி எடுக்கும் குடும்பங்களுக்கும் நாட்டுப்படகு மீனவர் பிள்ளைகளுக்கும். பாக் விரிகுடாப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டைச் சுற்றிக்காட்டும் பணியை ஊர் இளைஞர்களே வனத்துறையோடு சேர்ந்து நடத்துகிறார்கள். தடைக்கால மாதங்களில் வருகிறவர்களை அங்கே அனுப்பலாம். அலையாத்திக்கு மே மாதம் ஒன்றும் செய்யாது.

ராமேஸ்வரம் போகிற வாசகர்களுக்குச் சில வேண்டுகோள்கள். தீர்த்தமாடுவதும் தரிசனமும் எந்த மாதமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். தீவுக்குப் போக வேண்டும் என்றால் தை, மாசியில் போங்கள். அப்போது கடலும் அமைதி, நீரும் தெளிவு. வனத்துறை அனுமதி இல்லாமல் கூட்டிப்போகிறேன் என்று யாராவது அழைத்தால் ஏறாதீர்கள். நீரில் இறங்க நேர்ந்தால் காலை ஊன்றாதீர்கள். நீந்தத் தெரியாதவர்கள் படகிலிருந்தே பாருங்கள். சந்நிதித் தெருக் கடைகளில் சங்கு வாங்கலாம், தடையில்லை. வெள்ளை வெளேரென்று கிளைவிட்ட பவளத் துண்டு எதையாவது யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.